பங்கு கேட்காத நல்ல பெண்கள்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் சீரியல் பார்ப்பவன். "வீட்ல போட்டிருந்தாங்க, அப்படியே கண்ணுல பட்டுச்சு" ரகம் இல்லை. உட்கார்ந்து, விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து பார்க்கிறவன். ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொரியன் தொடர் பற்றிப் பேசினால் ரசனைக்காரன் என்கிறார்கள். எதிர்நீச்சல் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் கொஞ்ச நாளாக எனக்கே ஒரு உறுத்தல். சீரியல்களில் பெண்களைக் காட்டும் விதம் சரியில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். மாமியார் கொடுமை, அழுகை, அறை, பட்டுச்சேலை வில்லி. இதெல்லாம் பழைய புகார். என் உறுத்தல் வேறு. அதைச் சொல்ல எங்கள் ஊர் பூதலூருக்கும், எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு பத்திரத்துக்கும் போக வேண்டியிருக்கிறது.

சித்தியில் தொடங்கியது

1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' ஆரம்பித்தபோது நான் பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் ராத்திரி தெருவே அமைதியாக இருக்கும். எங்கள் வீட்டில் டிவி இருந்ததால் பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வந்து தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா திண்ணைக்குத் துரத்தப்பட்டிருப்பார். அந்தக் கூடம் ஒரு மணி நேரத்துக்குப் பெண்களின் கையில் இருந்தது.

அந்தக் காலத் தமிழ் சினிமாவில் முப்பத்தைந்து தாண்டிய நடிகை அக்கா, அண்ணி, அம்மா என்று ஓரத்துக்குப் போய்விடுவார். அதே நேரத்தில் ராதிகா சித்தி, அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று 2018 வரை கிட்டத்தட்ட இருபது வருடம் கதையின் நடுவில் நின்றார். தயாரிப்பும் அவருடைய ராடான் நிறுவனம்தான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005). மனைவியை இழந்த ஒரு அப்பா, ஐந்து பெண்கள், ஐந்து கல்யாணம், அவ்வளவுதான் கதை. சீர் வரிசையில் ஒரு பாத்திரம் குறைந்ததற்கு ஒரு குடும்பம் எப்படிப் படபடக்கும் என்பதை அவ்வளவு பொறுமையாக வேறு எந்தக் கலை வடிவமும் எனக்குக் காட்டியதில்லை. அடுத்து திருச்செல்வத்தின் 'கோலங்கள்' (2003–2009). தேவயானி நடித்த அபி, கட்டுமானத் தொழில் செய்யும் பெண். கணவன் வீட்டை விட்டு வந்த பிறகும் கதை அவளைக் கைவிடவில்லை.

2006 தேர்தலுக்குப் பிறகு இலவச கலர் டிவி வந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் வீட்டிலும் டிவி ஓடத் தொடங்கியது. மறுநாள் காலை வயலில் குனிந்து நாற்று வைத்துக்கொண்டே முந்தைய நாள் எபிசோடை அலசுவதை வரப்பில் நின்று கேட்டிருக்கிறேன். "அவ ஏன் வாயத் தொறக்காம நிக்கிறா? நானா இருந்தா..." என்று ஆரம்பிக்கும். அந்த 'நானா இருந்தா'வுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் சீரியலைப் பற்றி இருக்காது.

யாரைத் திட்டினோம்?

2020 ஊரடங்கில் சன் டிவி மெட்டி ஒலியை மறுபடி போட்டது. வீட்டிலிருந்து வேலை என்பதால் மத்தியானம் லேப்டாப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இரண்டாவது மகள் சரோவின் வீட்டில் அவளைப் படுத்தி எடுப்பவன் கணவன் மாணிக்கம். கத்துகிறவன் அவன், கை ஓங்குகிறவன் அவன். ஆனால் 2002-லும் சரி, 2020-லும் சரி, எங்கள் வீட்டில் திட்டு வாங்கியது மாமியார் ராஜம்மாள்தான். சாந்தி வில்லியம்ஸ் அப்படி நடித்திருந்தார் என்பது ஒரு காரணம். கதை அப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பது இன்னொரு காரணம். ஆண் செய்கிற தப்புக்குப் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால், ஆண் 'எடுப்பார் கைப்பிள்ளை' ஆகிவிடுகிறான். ஒரு நாள் திருந்தினால் போதும், கணக்கு முடிந்தது. தூண்டிவிட்ட பெண்ணுக்கு அவ்வளவு சுலபத்தில் மன்னிப்பு கிடையாது.

சரி, இதுவும் பலர் சொன்னதுதான். நான் இன்னொன்றைத் தேட ஆரம்பித்தேன். இந்தத் தொடர்களில் நல்ல பெண் என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்? அழகு இல்லை, படிப்பு இல்லை, பொறுமைகூட இல்லை. நான் கண்டுபிடித்த விடை இது: நல்ல பெண் தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள்.

மெட்டி ஒலியின் பெண்கள் அப்பாவிடம் கேட்பதில்லை. கேட்பது புகுந்த வீடு. நடுவில் நின்று அந்தப் பெண் கூனிக் குறுகுவாள். கோலங்களின் அபி சம்பாதிக்கிறாள், ஆனால் சம்பாதிப்பதன் நியாயமே தங்கை தம்பிக்குக் கொடுப்பதில்தான் இருக்கிறது. அவளுக்கு எதிரி ஆதித்யா ஆசைப்படலாம், வெறி கொள்ளலாம். அபிக்கு அந்த உரிமை இல்லை. அவள் தொழிலில் ஜெயிக்க வேண்டுமானால் முதலில் எதையாவது விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

மாறாக, எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற பெண் யார்? 'தெய்வமகள்' (2013–2018) காயத்ரி. ரேகா கிருஷ்ணப்பா நடித்த அந்த அண்ணியாரை மறக்க முடியுமா? திட்டம் போடத் தெரியும், கணக்குத் தெரியும், ஆட்களை நகர்த்தத் தெரியும். ஒரு கம்பெனிக்குத் தலைவி ஆக்கலாம். ஆனால் அந்த ஆசையும் மூளையும் வில்லி என்கிற முத்திரையோடுதான் அவருக்குக் கிடைத்தது. அதே மாதிரி எந்தத் தொடரிலும் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்டு வரும் நாத்தனார் நல்லவளாக இருந்து நான் பார்த்ததில்லை. அவள் வாசலில் கால் வைக்கும்போதே பின்னணி இசை மாறிவிடும். கதாநாயகியோ "எனக்குச் சொத்து வேணாம், சொந்தம் போதும்" என்கிற மாதிரி ஒரு வசனம் பேசுவாள். நாமும் கண் கலங்குவோம். நானும் கலங்கியிருக்கிறேன்.

அறை தெரிகிறது, அதனால் அதைக் கண்டிக்கிறோம். இது நல்ல குணம் என்று வேஷம் போட்டு வருவதால் கண்ணில் படுவதே இல்லை.

அப்பத்தாவின் 40 சதவீதம்

2022 பிப்ரவரியில் அதே திருச்செல்வம் 'எதிர்நீச்சல்' கொண்டுவந்தார். 2024 ஜூன் வரை 700-க்கும் மேற்பட்ட பகுதிகள். மதுரைப் பக்கத்துப் பணக்கார வீடு. படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துவது அந்த வீட்டின் வழக்கம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்கள். மேலே ஆதி குணசேகரன்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து இயக்குநர், 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை எடுத்தவர். அவருடைய "ஏம்மா ஏய்" எல்லோர் போனிலும் ஓடியது. எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் எவனாவது மனைவியைப் பற்றிப் புலம்பினால் உடனே அந்த வீடியோ வந்து விழும். பெண்ணடிமைத்தனத்தைக் கிழிக்க வந்த தொடரில் அந்த அடிமைத்தனத்தைச் செய்கிறவரே ஹீரோ ஆகிவிட்டாரே என்று எனக்குக் கோபம். நானும் சிரித்தேன் என்பது வேறு விஷயம். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் திடீரென்று இறந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

ஆனால் அம்மா சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. குணசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தால் அம்மா, "அப்படியே உங்க தாத்தாடா" என்று சொல்லிச் சிரிப்பார். தாத்தா உயிரோடு இருந்தவரை அம்மா அவர் முன்னால் நின்று பேசியதுகூட இல்லை. நாங்கள் குழுவில் சிரித்தது குணசேகரனோடு சேர்ந்து. அம்மா சிரித்தது குணசேகரனைப் பார்த்து. தொடரில் அந்தக் கத்தலுக்கு அடுத்த காட்சி பெரும்பாலும் அடுப்படி. அங்கே நந்தினி நக்கலாக ஒன்று சொல்வாள், மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் போனுக்கு வந்த துண்டு வீடியோவில் அந்த அடுப்படி வெட்டப்பட்டிருந்தது. தொடரைக் குறை சொல்வதற்கு முன்னால், வெட்டியது யார் என்றும் கேட்க வேண்டும்.

அந்தத் தொடரில் முக்கியமானவர் என்று நான் நினைப்பது குணசேகரன் இல்லை, அப்பத்தா. நடித்தவர் பாம்பே ஞானம். பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை நடத்தியவர். ஆண் வேஷமும் பெண்களே போடுவார்கள். தொடரில் அவர் பேரில் சொத்தின் 40 சதவீதம் இருக்கிறது. அதை வாங்க குணசேகரன் ஆடாத ஆட்டம் இல்லை. கிழவி கொடுக்கவில்லை. சீரியலில் ஒரு நல்ல பெண் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லாமல் தன் பங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். ஜனங்கள் அவளை வெறுக்கவில்லை, கை தட்டினார்கள். டிஆர்பி பட்டியலில் தொடர் முன்வரிசையில் இருந்தது. மக்கள் கேட்பதைத்தான் காட்டுகிறோம் என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

இதிலும் ஒரு குறை உண்டு. பிடித்துக்கொள்ளும் உரிமை ஆண்டு அனுபவிக்கிற வயதைத் தாண்டிய கிழவிக்குத்தான் கிடைத்தது. அந்த வீட்டில் பிறந்த பெண் ஆதிரை, குணசேகரனின் தங்கை. சட்டப்படி அவளும் பங்குக்காரி. ஆனால் அவளை வைத்து நாங்கள் மாதக்கணக்கில் பதறியது அவள் யாருக்குக் கழுத்தை நீட்டப்போகிறாள் என்பதற்காக மட்டுமே.

பீரோவில் இருந்த பத்திரம்

2023-ல் ஒரு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. எழுபது தாண்டியவர். எல்லோரும் சேர்ந்து எதிர்நீச்சல் பார்த்தோம். 40 சதவீத விவகாரம் சூடாக ஓடிக்கொண்டிருந்த சமயம். அத்தை டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கையெழுத்த மட்டும் போட்றாதடி கெழவி."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாரும் பேசவில்லை. அம்மா எழுந்து, "அண்ணி, காபி போடவா?" என்று உள்ளே போய்விட்டார். அப்பா அன்று டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எதுவும் சொல்லவில்லை.

அத்தை ஊருக்குப் போன பிறகு பீரோவைத் திறந்து பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். தாத்தா உயில் எழுதாமல் போனவர். போய் ஒரு வருடத்துக்குள் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் ஏழு மா நிலத்திலும் வீட்டிலும் தனக்குள்ள உரிமையை அத்தை மனப்பூர்வமாக என் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறார். கீழே அவர் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட மாதிரி உருண்டையாக. (வெளியூர்க்காரர்களுக்கு: தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா ஒரு ஏக்கர்.)

நான் வக்கீல் இல்லை, ஆனால் அடிப்படை இதுதான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் பங்கில் மகளும் வாரிசு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்ட ஊர் இது. 1989-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து, அப்போது கல்யாணமாகாத மகள்களைப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்குதாரர் ஆக்கியது. 2005-ல் இந்தியா முழுவதற்கும் திருத்தம் வந்து கல்யாண நிபந்தனையும் போனது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவாக்கியது. இவ்வளவு சட்டம் இருக்கிறது. கூடவே விடுதலைப் பத்திரமும் இருக்கிறது. சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், அதையும் பெண்ணின் நல்ல குணமாகச் சொல்லலாம்.

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்த்தேன். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2009-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த தகவல். கேபிள் டிவி வந்த கிராமங்களில், மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது, தாங்களே முடிவெடுப்பது கூடியது என்பது அவர்கள் முடிவு. அவர்கள் அளந்த விதத்தைப் பின்னால் மறுசோதனை செய்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு நம்பும்படியாகவே இருக்கிறது. சித்தியும் மெட்டி ஒலியும் ஓடிய வருடங்கள் அவை. அந்தக் கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். திரையில் ஒருத்தி அடி வாங்கும்போது "இது அநியாயம்" என்று பத்துப் பெண்கள் சத்தமாகச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் அளவுகோல்களில் பிறந்த வீட்டு நிலம் இல்லை. சீரியல்களும் அங்கே தொடவில்லை. அடியை அநியாயம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்த அதே பெட்டி, பங்கு கேட்பதைப் பேராசை என்றும் சொல்லிக்கொடுத்தது.

இப்போது என் முறை

அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரும் உயில் எழுதவில்லை. அம்மா, நான், தங்கை என மூன்று வாரிசுகள். பட்டா மாற்ற வேண்டும். பத்திரம் எழுதுபவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு சொன்னார்: "தங்கச்சிகிட்டயும் அம்மாகிட்டயும் ஒரு விடுதலை வாங்கிட்டீங்கன்னா வேலை சுலபம் தம்பி." அவர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், ஒரு நாள் முழுக்க நானும் அதை யோசித்தேன். சின்ன நிலம்தானே, துண்டு போடுவானேன் என்று தோன்றியது. அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே என்று அம்மா சொன்னது காதுக்கு நியாயமாகவும் இருந்தது. "ஏம்மா ஏய்" என்று கத்தினால்தான் குணசேகரன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கத்தாமல், பாசமாக, காபி குடித்துக்கொண்டே அந்த வேலையைச் செய்யலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு தடவை நடந்திருக்கிறது.

தங்கைக்குப் போன் செய்து, உன் பங்கு உன் பேரில் பதிவாகட்டும், பிறகு என்ன செய்வது என்று நீ முடிவு செய் என்றேன். அவள், "அண்ணே, எனக்கு நெலம் எல்லாம் வேணாம். பொறந்த வீடுன்னு வந்து போக இருந்தாப் போதும்" என்றாள். அப்பத்தா கையெழுத்துப் போடாததற்குக் கை தட்டியவள்தான் இவளும். இந்த வசனத்தை நான் இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவளுக்குப் பயம் நிலத்தைப் பற்றி இல்லை. கேட்டால் வாசல் மூடிவிடும் என்கிற பயம். அந்தப் பயம் சீரியலிலிருந்து வந்ததா, அத்தையைப் பார்த்து வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அத்தையிடமும் பேசினேன். அவர் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஏதாவது செய்கிறேன் என்றேன். "எனக்கு எதுக்குடா இப்ப? அன்னைக்கு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் மூன்று பேர் பேரிலும் தயாராகிறது. தங்கை இன்னும் சரி என்று சொல்லவில்லை. அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். "இல்லாத பழக்கத்தைக் கொண்டு வர்ற" என்கிறார்.

சீரியல் பார்ப்பதை விட்டுவிடப் போவதில்லை. 2024 டிசம்பரில் தொடங்கிய 'எதிர்நீச்சல் தொடர்கிறது' பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெளியில் நின்று திட்டுகிறவர்களைவிட, தினமும் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குக் குறை சொல்ல உரிமை அதிகம் என்பது என் கட்சி. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வில்லிகளைக் குறைக்க வேண்டாம், அழுகையைக்கூடக் குறைக்க வேண்டாம். நல்ல பெண் ஒருத்தி, முப்பது நாற்பது வயதுக்காரி, பிறந்த வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, சண்டை போடாமல், அழாமல், "அண்ணே, என் பங்கைப் பிரிச்சுக் கொடுத்துடு" என்று கேட்கட்டும். கேட்ட பிறகும் அவள் நல்லவளாகவே இருக்கட்டும். பின்னணி இசை மாறக் கூடாது.

அப்படி ஒரு காட்சி ஏதாவது ஒரு தொடரில் ஏற்கெனவே வந்திருந்து, நான்தான் தவறவிட்டிருக்கிறேன் என்றால் சொல்லுங்கள். எத்தனை எபிசோட் ஆனாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். தங்கையையும் பார்க்கச் சொல்கிறேன்.